சவுக்குத் தோப்பைக் குத்துமதிப்பில் விற்கலாமா?

ஸ்ரீபெரும்புதூர் வட்டம் பென்னலூரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இன்று உழவர் கையில் எஞ்சியுள்ள புன்செய் பெரும்பாலும் அரை ஏக்கர், ஒரு ஏக்கர்த் துண்டுகளே. 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார்த் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்ட பிறகு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் என்று சிப்காட் வளாகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வேர்க்கடலையும் கேழ்வரகும் விளைந்த மேட்டு நிலங்கள் பல, கிடங்குகளாகவும் மனைகளாகவும் மாறிவிட்டன. மிஞ்சிய நிலத்தில் களை எடுக்க ஆள் கிடைப்பதில்லை. வீட்டுப் பிள்ளைகள் ஷிப்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். இந்நிலையில் நிலத்துக்கு இரண்டு கதிதான் நேர்கிறது. ஒன்று, தரிசாகக் கிடந்து சீமைக்கருவேல் மண்டுகிறது. மற்றொன்று, உடையவர் சவுக்கு நட்டுவிட்டு நான்கு ஆண்டுகள் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காமல் இருக்கிறார்.

ஆள் பற்றாக்குறை உள்ள ஊருக்குச் சவுக்கு ஏற்ற பயிர் என்பதில் ஐயமில்லை. முதல் ஆறு மாதம் தண்ணீர், முதல் ஆண்டு களை, பிறகு கவாத்து. இவ்வளவு கவனித்தால் போதும். பயிர் செய்யும் முறையில் இம்மாவட்ட உழவர்களுக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க அதிகம் இல்லை. 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை ரயில் ஓடத் தொடங்கி, எஞ்சின்களுக்கு விறகு தேவைப்பட்ட காலத்தில் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் பரவிய மரம் இது. நூற்றைம்பது ஆண்டுக்கு மேற்பட்ட பழக்கம் உண்டு. ஆனால் வளர்த்த தோப்பை வெட்டி விற்கும் நாளில், நான்கு ஆண்டுப் பாட்டின் பலனில் ஒரு பெரும் பகுதி உழவரின் கையை விட்டுப் போகிறது. தோப்பை மொத்தமாகக் குத்துமதிப்பில் பேசி, முன்பணம் வாங்கி, வெட்டும் பொறுப்பையும் வியாபாரியிடமே ஒப்படைக்கும் வழக்கமே இதற்குக் காரணம். இந்த வழக்கத்தைச் சிறு உழவர்கள் கைவிட வேண்டும்.

குத்துமதிப்பு விற்பனை எப்படி நடக்கிறது என்பது யாவரும் அறிந்ததே. வியாபாரி வருகிறார். தோப்பை ஒரு சுற்று சுற்றி வருகிறார். நடுவில் நுழைந்து மெலிந்த மரம் நாலைத் தொட்டுக் காட்டுகிறார். “முப்பது டன்தான் தேறும்” என்கிறார். உடையவர் வரப்போரத்து மரங்களைக் காட்டி, “இதைப் பாருங்கள், எவ்வளவு பருமன்!” என்கிறார். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. ஓரத்து மரத்துக்கு வெளிச்சம் அதிகம், ஆகவே பருக்கும். நடுவிலுள்ளது நெருக்கத்தில் மெலியும். ஆனால் வியாபாரி ஆண்டுக்கு எத்தனையோ தோப்பு பார்க்கிறவர். உழவர் நான்கு ஆண்டுக்கு ஒரு முறை ஒரு தோப்பு விற்கிறவர். கண்மதிப்பில் யார் வெல்வார் என்று கேட்க வேண்டியதில்லை. வியாபாரி தீயவர் என்று சொல்ல வரவில்லை. அவர் தம் தொழிலைச் செய்கிறார். லாரி வாடகை, வெட்டுக்கூலி, விலை இறங்கினால் வரும் நஷ்டம் எல்லாம் அவர் தலையில் இருக்கின்றன. அளவு தெரியாமல் விற்க வருபவரிடம் அவர் தமக்குச் சாதகமாகவே மதிப்பிடுவார்.

தோப்பை அளப்பது எப்படி?

இதற்குப் படிப்பு தேவையில்லை. ஒரு அளவு நாடாவும் நோட்டும் பென்சிலும் போதும். தோப்பின் ஓரத்தை விட்டு உள்ளே தள்ளி, ஒன்றுக்கொன்று தொலைவாக மூன்று இடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வோரிடத்திலும் 21 அடிக்கு 21 அடி சதுரமாகக் கயிறு கட்டினால் அது ஏறக்குறைய ஒரு சென்ட். அதற்குள் நிற்கும் மரங்களை எண்ணி, தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் ஒவ்வொன்றின் சுற்றளவையும் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்று சென்டுக்கும் சேர்த்துச் சராசரிச் சுற்றளவு கண்டு, அதற்குச் சற்றே மேற்பட்ட பருமனுள்ள மூன்று மரங்களை வெட்டி எடை போட வேண்டும். சராசரிக்குச் சற்று மேலாக எடுப்பதற்குக் காரணம் உண்டு. மரத்தின் சுற்றளவு இரட்டித்தால் எடை நான்கு மடங்குக்கும் மேலாகிறது; ஆகவே சராசரிச் சுற்றளவுள்ள மரம் தோப்பின் சராசரி எடையைவிடக் குறைவாகவே நிறுக்கும்.

கணக்குக்காக ஓர் உதாரணம். ஐந்தடிக்கு ஐந்தடி நட்ட தோப்பில் ஏக்கருக்கு 1,742 கன்று பிடிக்கும், சென்டுக்கு 17. பட்டது போக 15 நிற்பதாக வைத்துக்கொண்டால் ஏக்கருக்கு 1,500 மரம். வெட்டிய மூன்று மரமும் சேர்ந்து 78 கிலோ இருந்தால் மரத்துக்கு 26 கிலோ. ஏக்கருக்கு 39 டன். “முப்பது டன்தான் தேறும்” என்ற பேச்சுக்கும் இதற்கும் ஒன்பது டன் வித்தியாசம். அது ஏறக்குறைய ஒரு லாரிப் பாரம். அரை நாள் வேலையில் அந்த ஒரு பாரம் கணக்குக்கு வந்துவிடுகிறது. தோப்புக்குத் தோப்பு, மண்ணுக்கு மண் எடை மாறும். பக்கத்து ஊர்த் தோப்பின் கணக்கைத் தன் தோப்புக்குப் போடுவது தவறு.

அளந்த பிறகு டன்னுக்கு இவ்வளவு என்று எடைக் கணக்கில் பேசுவதே முறை. எடைமேடை எது என்பதை உழவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். காலி லாரியின் எடையும் பாரத்தோடு கூடிய எடையும் உழவர் கண்ணெதிரில் போடப்பட்டு, சீட்டின் ஒரு படி அவர் கைக்கு வர வேண்டும். வெட்டிய அன்றோ மறுநாளோ ஏற்றுவதும் முக்கியம். பச்சைக் கட்டை வெயிலில் கிடந்தால் நாளுக்கு நாள் நீர் வற்றி எடை குறையும். பத்து நாள் கழித்து லாரி வந்தால் அந்தக் குறைவு முழுவதும் விற்பவர் தலையில் விழுகிறது. பட்டையோடு நிறுப்பதா, உரித்து நிறுப்பதா என்பதையும் முன்னதாகவே பேசிவிட வேண்டும். இவை இரண்டுக்கும் விலை வேறு.

எடைக்குப் பேச வியாபாரி உடன்படாவிட்டால் மொத்தமாகவே கொடுக்கலாம். ஆனால் தன் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். அப்படிக் கொடுக்கும்போது, எத்தனை நாளுக்குள் வெட்டி முடிப்பது, அடிக்கட்டையைத் தோண்டுவது யார், மிளாறும் வேர்க்கட்டையும் யாருக்கு என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவது நல்லது. விலை ஏறட்டும் என்று வெட்டாமல் நிறுத்திவைத்து, அடுத்த பருவத்தையும் உழவருக்கு இல்லாமல் செய்வது எங்கும் காணப்படுகிற சங்கதி.

எல்லாக் கட்டையும் ஒரே விலையா?

குத்துமதிப்பில் மறைந்துபோகும் மற்றொரு பணம், தரம் பிரிப்பதால் கிடைப்பது. ஒரு சவுக்கு மரத்தில் குறைந்தது நான்கு சரக்கு இருக்கிறது. நேராக ஓடிய அடித்தண்டு கம்பாகப் போகும். வளைந்ததும் கொம்பு வைத்ததும் காகிதக் கூழுக்கோ விறகுக்கோ போகும். நுனிக்கம்பு பாகல், புடலை, பீர்க்கன் பந்தலுக்கும் தக்காளிக்கு ஊன்றுகோலாகவும் ஆகும். மிளாறும் வேர்க்கட்டையும் அடுப்புக்கு. இவற்றில் நேரான கம்புக்குத்தான் டன் கணக்கில் மதிப்பு அதிகம். மொத்தமாக வாங்கியவர் கம்பைத் தனியே பொறுக்கி ஒரு விலைக்கும், மற்றதை வேறு விலைக்கும் விற்கிறார். அந்தப் பிரிவினையை உழவர் தம் தோப்பிலேயே செய்துகொள்ளத் தடை எதுவும் இல்லை.

கம்பின் சந்தை முன்போல் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். பெரிய கட்டடங்களில் சாரத்துக்கும் முட்டுக்கும் இரும்புக் குழாய் வந்துவிட்டது. ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றித் தனி வீடுகளும் சிறு கட்டடங்களும் எழும்பிக்கொண்டிருக்கும் வரை சவுக்குக் கம்புக்குக் கிராக்கி இருக்கும். பந்தல்காரர்களும் வாங்குகிறார்கள். காகித ஆலைகள் நிலையான வாடிக்கையாளர்கள். ஆனால் கரூர் காகிதபுரமும் ஈரோடு பள்ளிபாளையமும் இங்கிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆலை விலையைக் கேட்டு மகிழ்வதற்கு முன் லாரி வாடகையையும் வெட்டுக்கூலியையும் கழித்துப் பார்க்க வேண்டும். இப்பகுதி உழவருக்குக் கம்பும் விறகும் உள்ளூரில் விற்பதே பல சமயங்களில் கட்டுப்படியாகும். செங்கல் சூளைகளும் தேநீர்க் கடைகளும் கல்யாண சமையல்காரர்களும் சவுக்கு விறகைத் தேடி வாங்குகிறார்கள். காய்ந்த சவுக்குக் கட்டை கிலோவுக்கு ஏறக்குறைய 5,000 கிலோ கலோரி வெப்பம் தரவல்லது. விறகாக விற்பதானால் மேற்சொன்ன எடைக் கணக்கு தலைகீழாகும். காய்ந்த விறகுக்குத்தான் விலை. ஆகவே பட்டை உரித்துப் பிளந்து, இரண்டு மாதம் காற்றோட்டமாக அடுக்கிவைக்க வசதியுள்ளவரே அதில் இறங்க வேண்டும்.

நேரான கம்பு வெட்டும் நாளில் கிடைப்பதல்ல. முதல் ஆண்டிலேயே பக்கக் கிளைகளை நெஞ்சளவு உயரம் வரை கூரிய கத்தியால் தண்டோடு ஒட்டி அறுத்துவிட வேண்டும். மரத்தின் கீழ் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கவாத்து ஏறக் கூடாது. ஏறினால் மரம் தளர்ந்துவிடும். கிளையைக் கையால் ஒடித்துப் பட்டை கிழிப்பது பட்டை தின்னும் புழுவுக்கும் பூசண நோய்க்கும் வாசல் திறப்பதாகும். பட்டை கொப்பளித்து, உள்ளே கரித்தூள் போல் கறுத்து, மரம் நின்ற நிலையில் காய்ந்தால் அது கொப்பள நோய். அம்மரத்தைத் தூரோடு எடுத்து எரித்துவிட வேண்டும். விறகுக்கு ஆகுமே என்று அடுக்கிவைப்பது நோயை அடுக்கிவைப்பதற்குச் சமம்.

சொந்த உபயோகத்துக்கு நிறுத்திக்கொள்ளும் கம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாட்டுக் கொட்டகைக்கும் வேலிக்கும் ஊன்றும் சவுக்குக் கம்பு இரண்டே மழையில் தரைமட்டத்தில் இற்றுப்போகிறது என்று குறைப்படுவோர் பலர். வெட்டிய உடனே பட்டை உரித்து, நிழலில் ஒரு மாதம் உலர்த்தி, மண்ணுக்குள் போகும் பகுதியையும் அதற்கு மேல் ஓர் அடியையும் தீயில் கருக்கித் தார் பூசி ஊன்றினால் கரையானும் ஈரமும் எளிதில் அண்டா. சவுக்கு பலகைக்கு ஆகாது. காயும்போது வெடித்து முறுக்கிக்கொள்ளும்.

ஒரே நாளில் வெட்டுவது ஏன்?

இனி முக்கியமான விஷயத்துக்கு வரலாம். ஒரு ஏக்கர் தோப்பை ஒரே ஆண்டில் நட்டு ஒரே நாளில் வெட்டுவதைவிட, நான்கு கால் ஏக்கர்ப் பங்குகளாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பங்கு நட்டு, நான்காம் ஆண்டுக்குப் பின் ஆண்டுக்கு ஒரு பங்கு வெட்டுவது சிறு உழவருக்குப் பல வகையிலும் நல்லது. மேலே சொன்ன கணக்கின்படி 25 சென்டில் ஏறக்குறைய பத்து டன், அதாவது ஒரு லாரிப் பாரம் தேறும். ஆண்டுதோறும் ஒரு பாரம், ஆண்டுதோறும் ஒரு வரவு.

இதனால் வரும் முதல் நன்மை முன்பணத்திலிருந்து விடுதலை. பெண்ணுக்குக் கல்யாணம், பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம், மருத்துவமனைச் செலவு என்று வந்தால் இரண்டரை ஆண்டுத் தோப்பின் மேல் வியாபாரியிடம் பணம் வாங்குகிறார்கள். அதற்கு வட்டி எழுதப்படுவதில்லை, விலையில் கழிக்கப்படுகிறது. அதோடு, மூன்றாம் ஆண்டிலேயே வெட்டிக் கொடுக்க வேண்டியும் வருகிறது. சவுக்கின் எடை வேகமாகக் கூடும் காலம் மூன்றாம் ஆண்டும் நான்காம் ஆண்டும்தான். கூட்டுறவுச் சங்கத்தில் நகையை வைத்து அந்த ஓராண்டைக் கடத்துவது, தோப்பை முன்னதாக வெட்டுவதைவிட எத்தனையோ மேல். ஆண்டுதோறும் ஒரு பங்கு வெட்டும் வீட்டுக்கு இந்த நெருக்கடி குறைவு.

இரண்டாவது நன்மை புயல் காலத்தில் தெரியும். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னைக்கு அருகே கரை கடந்தபோது இப்பகுதியில் மரங்கள் சாய்ந்ததை மறந்திருக்க முடியாது. 2011 டிசம்பர் இறுதியில் தானே புயல் கடலூர்ப் பக்கத்துத் தோப்புகளை அழித்தது. ஓராண்டுச் சவுக்கு காற்றுக்கு வளைந்து நிமிரும். நான்காண்டு மரம் முறியும் அல்லது வேரோடு சாயும். முழுத் தோப்பும் வெட்டும் பருவத்தில் நிற்கையில் புயல் வந்தால் முழு முதலும் தரையில். அன்று எல்லாருடைய மரமும் ஒரே சமயத்தில் சந்தைக்கு வருவதால் விலையும் தரையில். வயது பிரித்த தோப்பில் நஷ்டம் ஒரு பங்கோடு, மிஞ்சினால் இரண்டு பங்கோடு நிற்கும்.

குறையும் உண்டு. பத்து டன் சரக்குக்கு வெட்டு ஆட்களை அழைத்துவர வியாபாரி யோசிப்பார். விலையையும் சற்றுக் குறைத்துக் கேட்பார். அருகருகே தோப்பு வைத்திருக்கும் நாலைந்து பேர் ஒரே வாரத்தில் தத்தம் பங்கை வெட்ட ஒத்துக்கொண்டால் இக்குறை தீரும். ஊரில் நெல் அறுவடைக்கு எந்திரம் வரும் நாளை எல்லாரும் சேர்ந்து முடிவு செய்வதில்லையா? அதே பழக்கம்தான் இங்கும் வேண்டும். உழவர் உற்பத்தியாளர் குழு இயங்கும் ஊர்களில் எடைமேடைச் சீட்டையும் பணப் பட்டுவாடாவையும் குழுவே பார்த்துக்கொள்ளலாம். பங்குகளுக்கிடையே வண்டி போகும் அளவு, பத்துப் பன்னிரண்டு அடி பாதை விடுவதும் அவசியம். நிலம் வீணாகிறதே என்று எண்ணக் கூடாது. கோடையில் சருகில் விழும் ஒரு பீடித் துண்டு முழுத் தோப்பையும் எரிக்காமல் தடுப்பது அந்தப் பாதைதான்.

மண்ணையும் பார்க்கவேண்டும். கடற்கரை மணலுக்கு வழக்கமான நாட்டுச் சவுக்கு பொருந்தும். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் சரளை கலந்த செம்மண்ணும், ஏரியை ஒட்டிக் களியும் உண்டு. இத்தகைய நிலத்துக்கு ஜங்குனியானா சவுக்கும் அதன் கலப்பினங்களும் மேல். அவை வறட்சியையும் இறுகிய மண்ணையும் ஓரளவு தாங்கும். நாட்டுச் சவுக்கு வெட்டிய தூரிலிருந்து சரியாகத் துளிர்ப்பதில்லை, ஜங்குனியானா துளிர்க்கும். கோயம்புத்தூர் வன மரபியல் மற்றும் மரப் பெருக்க நிறுவனமும் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியும் தேர்ந்தெடுத்த ரகக் கன்றுகளை வெளியிட்டுள்ளன. ஒரே ரகத்தைத் தோப்பு முழுவதும் நடுவது கூடாது. நோய் வந்தால் ஒன்று போல் எல்லாம் போகும். பங்குக்கு ஒரு ரகம் என்று மாற்றி நட்டால் எது தன் மண்ணுக்கு ஏற்றது என்பதும் தெரிந்துவிடும். தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் எந்தச் சவுக்கும் வேண்டாம். உயர் மின்னழுத்தக் கம்பிக்குக் கீழும் வேண்டாம். இந்தத் தொழிற்பேட்டைப் பகுதியில் அந்தக் கம்பிகள் தலைக்கு மேல் நிறையவே போகின்றன.

சவுக்கின் வேரில் உள்ள முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து மண்ணில் சேர்க்கின்றன. ஃபிராங்கியா என்னும் நுண்ணுயிர் அதில் குடியிருக்கிறது. புதிதாகச் சவுக்கு வைக்கும் நிலத்துக்குப் பழைய, நோயற்ற தோப்பின் மேல்மண்ணில் ஒரு கூடை எடுத்து நாற்றங்காலில் கலப்பது அனுபவசாலிகள் செய்வதே. கம்பு வெட்டிய இடத்தில் ஒரு பருவம் வேர்க்கடலையோ உளுந்தோ போட்டுவிட்டு மீண்டும் சவுக்கு நட்டால் மண்ணும் நோயிலிருந்து இளைப்பாறும்.

வரப்போரத்து மரங்கள்

தோப்பென்றால் சவுக்கு மட்டுமல்ல. நாலு வரப்பிலும் வேம்பு, வாகை, பூவரசு நிற்குமானால் அவை பிள்ளைகள் காலத்துக்குப் பயன்படும். இப்பகுதிக்கென்று அதில் ஒரு தனி வாய்ப்பும் இருக்கிறது. இங்குள்ள தொழிற்சாலைகளுக்கு உதிரிப் பாகங்களை ஏற்றியிறக்கப் பலகைத் தட்டுகளும், அதாவது பேலட்டுகளும், மரப்பெட்டிகளும் ஓயாமல் தேவைப்படுகின்றன. வெளிநாடு செல்லும் பெட்டியின் மரத்தை, உள்ளே 56 டிகிரி வெப்பம் 30 நிமிடம் நிலைக்குமாறு சூடாக்கி முத்திரை இடவேண்டும் என்பது 2002-இல் வகுத்த உலக விதி. அதை உழவர் செய்ய இயலாது. உரிமம் பெற்ற பட்டறைகள் செய்யும். உள்நாட்டுக்குள் சுற்றும் தட்டுகளுக்கு அந்த விதி இல்லை. வாகை, வேம்பு, காய்ப்பு ஓய்ந்த மா போன்ற நாட்டு மரங்களை வைத்திருப்போர், விறகு விலைக்குத் தள்ளிவிடுவதற்கு முன் அருகிலுள்ள மரம் அறுக்கும் மில்லில் ஒரு முறை விசாரிப்பது நன்று. விறகுக்கும் பலகைக்கும் உள்ள விலை வித்தியாசம் ஒரு நாள் அலைச்சலுக்குத் தகும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. மகோகனி, செம்மரம் என்று ஏக்கருக்குக் கோடிக்கணக்கில் வருமானம் சொல்லிக் கன்று விற்பவர்கள் ஊர்தோறும் வருகிறார்கள். 1990-களில் தேக்கு மரத்தின் பேரில் பொதுமக்களிடம் பணம் திரட்டிய நிறுவனங்கள் என்னவாயின என்பது வயதானவர்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கூத்துக்குப் பிறகுதான் 1999-இல் செபி அத்தகைய முதலீட்டுத் திட்டங்களுக்கு விதிமுறை கொண்டுவந்தது. செம்மரம் நல்ல மரமே. ஆனால் வெட்டவும் கொண்டுசெல்லவும் அனுமதி, ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு என்று நடைமுறை நீண்டது. வரப்பில் பத்து மரம் வைக்கலாம். வீட்டுப் பாட்டுக்கு இருக்கும் ஒரே ஏக்கரை அதற்கு விடுவது விவேகமல்ல. தைலமரத்தையும் ஏரிப் பாசனமுள்ள இந்தக் கிராமங்களில் சேர்க்க வேண்டியதில்லை.

சீமைக்கருவேல் மண்டிய துண்டு வைத்திருப்போரும் மனம் தளர வேண்டாம். 1877-இல் ஜமைக்காவிலிருந்து விதை தருவித்து அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பைப் பகுதியில் விறகுக்கென்று விதைத்த செடி, இன்று அகற்றுவதற்கு அரசே 2022-இல் கொள்கை வகுக்கும் அளவுக்குப் பரவிவிட்டது. தரைமட்டத்தில் வெட்டினால் பத்தாகத் துளிர்க்கும். மழைக்குப் பின் மண் இளகியிருக்கையில் பொக்லைன் விட்டுத் தூரோடு பெயர்ப்பதுதான் வழி. எந்திர வாடகையைப் பார்த்து மலைப்பவர்கள், அதே கட்டையை விறகுக்கும் கரிக்கும் எடை போட்டு விற்றால் செலவில் ஒரு பகுதி திரும்புவதைக் காணலாம். இதையும் “காட்டைச் சுத்தம் செய்து தருகிறேன், கட்டை எனக்கு” என்று சொல்பவரிடம் அளக்காமல் விட்டுவிடக் கூடாது.

அடங்கலில் எழுதியாகிவிட்டதா?

இந்தப் பகுதியில் மரம் வைத்திருப்போர் மறக்கவே கூடாத காரியம் ஒன்று உண்டு. நிலத்தில் நிற்கும் மரங்களைக் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அடங்கலில் பதிவு செய்துகொள்ள வேண்டும். சாலை விரிவாக்கம், தொழிற்பேட்டை, விமான நிலையம் என்று நில எடுப்புப் பேச்சு ஓயாத பகுதி இது. 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம், மண்ணின் மதிப்போடு அதிலுள்ள மரங்களின் மதிப்பையும் தனியே கணக்கிடச் சொல்கிறது. கணக்கில் தரிசு என்று இருக்கும் நிலத்தில் தோப்பு நின்றதாகப் பின்னால் மெய்ப்பிப்பது எளிதல்ல. நட்ட ஆண்டு, மரவகை, எண்ணிக்கை இவற்றைக் குறித்த ஒரு நோட்டும், ஆண்டுக்கொரு புகைப்படமும் வீட்டில் இருக்கட்டும்.

வெட்டுவதற்கு முன் எந்தெந்த மரத்துக்கு அனுமதியும் கொண்டுசெல்லும் சீட்டும் தேவை என்பதை வனச்சரக அலுவலகத்தில் கேட்டு அறிந்துகொள்வது நல்லது. சவுக்குக்கு அந்தத் தொல்லை இல்லை. சந்தனம், செம்மரம் போன்றவற்றுக்கு உண்டு. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது. வரப்பில் நிற்கும் பனையைத் தோப்புக்கு இடைஞ்சல் என்று சாய்த்துவிட்டுப் பின்னால் வருந்துவதில் பயனில்லை.

தோப்பைப் பங்கு போட விரும்புவோர் இப்போதுள்ள மரத்தை வெட்டும் போதே தொடங்கலாம். ஆனி, ஆடியில் வெட்டி, ஆவணிக்குள் அடிக்கட்டை எடுத்து உழுது, முதல் கால் ஏக்கரில் மட்டும் ஐப்பசி மழையோடு நடவேண்டும். மற்ற முக்கால் ஏக்கரில் முறை வரும் வரை வேர்க்கடலை, உளுந்து, காராமணி போடலாம். தேர்வு ரகக் கன்றுகளுக்கு இரண்டு மாதம் முன்னதாகவே சொல்லிவைத்தால்தான் ஐப்பசியில் கைக்கு வரும். கடைசி நேரத்தில் சாலையோரம் கிடைப்பதை வாங்கி நடுவது நான்காண்டு நஷ்டத்துக்கு வித்திடுவதாகும். வரப்பு மரங்களுக்கு, 2021-22-இல் தொடங்கிய நீடித்த பசுமைப் போர்வைத் திட்டத்தில் வரப்பு நடவுக்கு ஏக்கருக்கு 50 நாற்று வீதம் வழங்கப்பட்டது. இவ்வாண்டு ஒதுக்கீடு உண்டா என்பதை ஸ்ரீபெரும்புதூர் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் சிட்டா, அடங்கலோடு சென்று கேட்கலாம்.